ஏடிசி தவறாகக் காட்டும்போது: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போவது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள என் பணிமேசைக்கு ஏடிசி (அனலாக்-டிஜிட்டல் மாற்றி) பொருத்திய அளவீட்டுப் பலகைகளைக் கொண்டுவருபவர்கள், பழுதோடு தீர்ப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். "இது பத்து பிட்டுதான் சார், இருபத்துநாலு பிட் சிப்பா போட்டுக் குடுங்க" என்று பண்ருட்டி முந்திரி வியாபாரியும் சொல்கிறார், கிள்ளைப் பக்கத்து இறால் குட்டைக்காரரும் சொல்கிறார், இறுதியாண்டு புராஜெக்ட்டை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு புதுச்சேரியிலிருந்து பேருந்தில் வரும் மாணவரும் சொல்கிறார். பலகையைச் சோதித்தால், பிட்டுகளின் எண்ணிக்கைக்கும், அதாவது அளவை எவ்வளவு நுண்ணிய படிகளாகப் பிரிக்கிறது என்பதற்கும், அந்தப் பழுதுக்கும் பெரும்பாலும் தொடர்பே இருப்பதில்லை. உணரியின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுவது மட்டுமே ஏடிசியின் வேலை. அதன் வாசலுக்கு வந்து சேர்வதே தவறாக இருந்தால், கூடுதல் பிட்டுகள் அந்தத் தவற்றைக் கூடுதல் துல்லியத்தோடு காட்டும், அவ்வளவுதான். சிப்பையே மாற்றித் தீர வேண்டிய பழுதுகளும் உண்டு. அவை எவை என்பதை அறிகுறியைக் கொண்டே பிரித்தறியலாம் என்பதால், நான் சோதிக்கும் வரிசையிலேயே இங்கு எழுதுகிறேன்.

தொடங்குமுன்: கடிகார பேட்டரிச் சோதனை

உணரியை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை, விரல் நீளத்துக்கு மேற்படாத இரண்டு கம்பிகளால் ஏடிசியின் உள்ளீட்டுக்கும் கிரவுண்டுக்கும் (பூஜ்ஜிய வோல்ட் முனைக்கும்) இடையே இணைக்க வேண்டும். இந்த பேட்டரிக்கு உள்மின்தடை மிகக் குறைவு. மின்வாரியத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இதில் கிடையாது. அடுத்த சில நிமிடங்களுக்கு இதன் மின்னழுத்தம் அசையாது. பேட்டரியை வைத்ததும் எண் மல்டிமீட்டரோடு ஒத்துப்போய் அமைதியாக நின்றால், பழுது உணரியிலும் அதிலிருந்து வரும் கம்பியிலும் இருக்கிறது. அப்போதும் தள்ளாடினால் சப்ளை, ரெஃபரன்ஸ் (ஏடிசி அளவுகோலாகக் கொள்ளும் மின்னழுத்தம்), நிரல் ஆகிய மூன்றில் ஒன்றைப் பார்க்க வேண்டும். வந்த வேலையில் பெரும்பகுதி இந்த ஐந்து நிமிடத்திலேயே இரண்டாகப் பிரிந்துவிடும்.

எடைமேடைகளில் வரும் எச்எக்ஸ்711 சிப்புக்கு மட்டும் இது பொருந்தாது, ஏனெனில் அதன் வரம்பே சுமார் 20 மில்லிவோல்ட்தான். அதற்கு, சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே இரண்டு 1 கிலோ ஓம் மின்தடைகளைத் தொடராக இணைத்து, நடுப்புள்ளியோடு இரு உள்ளீடுகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். எண் பூஜ்ஜியத்தின் அருகில் அமைதியாக நின்றால் சிப் நலமாக இருக்கிறது என்று பொருள்.

எப்போதும் குறைவாகக் காட்டுகிறது. மீட்டர் வைத்தால் இன்னும் குறைகிறது

இந்த இரண்டாவது பாதிதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. உணரிப் பக்கத்தின் மின்தடை அதிகம். ஏடிசி தன் பங்குக்குச் சிறிது மின்னோட்டத்தை உறிஞ்சுகிறது. மீட்டரும் தன் பங்குக்கு உறிஞ்சுகிறது.

பேட்டரி வீணாகக் கூடாது என்று ஒருவர் 1 மெகா ஓம் மின்தடைகள் இரண்டைக் கொண்டு 5 வோல்ட்டைப் பாதியாக்கி ஏடிஎஸ்1115 என்ற பதினாறு பிட் ஏடிசி சிப்புக்குக் கொடுத்திருந்தார். காகிதத்தில் 2.5 வோல்ட் வர வேண்டும். இந்தப் பிரிப்பானின் வெளியீட்டு மின்தடை 500 கிலோ ஓம். ஏடிஎஸ்1115 தன் உள்ளீட்டில் சில மெகா ஓம் சுமையைத்தான் காட்டும். அதைத் தோராயமாக 5 மெகா ஓம் என வைத்துக்கொண்டால், உள்ளே கிடைப்பது சுமார் 2.27 வோல்ட். சந்தேகப்பட்டு 10 மெகா ஓம் உள்மின்தடை உள்ள மல்டிமீட்டரை அதே இடத்தில் வைத்தால், இரண்டும் சேர்ந்து இழுத்து 2.17 வோல்ட்டுக்கு இறக்கிவிடுகின்றன. மீட்டரும் ஏடிசியும் இப்போது ஒரே எண்ணைச் சொல்வதால், இரண்டும் சரி, 5 வோல்ட்தான் குறைந்துவிட்டது என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார். இரண்டு சாட்சிகளும் ஒரே பொய்யைச் சொன்னால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இதை உறுதிப்படுத்த எளிய வழி ஒன்று உண்டு. இந்தச் சிப்பின் உள்ளீட்டு மின்தடை, தேர்ந்தெடுக்கும் அளவு வரம்பைப் பொறுத்து மாறக்கூடியது. ஆகவே வரம்பை 6.144 வோல்ட்டிலிருந்து 4.096 வோல்ட்டுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். உண்மையான மின்னழுத்தம் மாறாமலிருக்க, காட்டும் வோல்ட் மட்டும் மாறினால், மூலத்தின் மின்தடை அதிகம் என்பது உறுதியாகிவிடும்.

தீர்வு, மின்தடைகளை 10 கிலோ ஓம் அளவுக்குக் குறைப்பது. அது முடியாத இடத்தில் இடையே ஓர் ஆப்-ஆம்ப் (மூலத்திலிருந்து மின்னோட்டத்தை ஏறக்குறைய உறிஞ்சாமல் அதே மின்னழுத்தத்தைத் தரும் பெருக்கிச் சிப்) வைப்பது. கடலூர்க் கடைகளில் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது எல்எம்358. 5 வோல்ட் சப்ளையில் அது ஏறக்குறைய 3.5 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. ஒரு பழுதைத் தீர்த்து இன்னொன்றை வாங்கிக்கொள்வோம். சப்ளையின் இரு ஓரங்கள் வரை போகக்கூடிய எம்சிபி6002 போன்றதை இதற்காகவே இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு சேனலில் உள்ளது பக்கத்துச் சேனலில் நிழலாடுகிறது

ஏடிமெகா328 மைக்ரோகண்ட்ரோலரின் உள் ஏடிசி, பன்னிரண்டு பிட் எம்சிபி3208 சிப் போன்றவை, சேனல் எனப்படும் உள்ளீடு ஒவ்வொன்றின் மின்னழுத்தத்தையும் மாறி மாறி, மிகச் சிறிய பொதுவான மின்தேக்கி ஒன்றில் நிரப்பிக்கொண்டு, வாசலை மூடிவிட்டு, பிறகு அளக்கும் ரகத்தைச் சேர்ந்தவை. ஏடிமெகா328 சிப்பில் அந்த மின்தேக்கி 14 பிக்கோஃபாரட். வழக்கமான 125 கிலோஹெர்ட்ஸ் ஏடிசி கடிகாரத்தில், அதை நிரப்பக் கிடைக்கும் நேரம் ஒன்றரைத் துடிப்பு, அதாவது 12 மைக்ரோவினாடி. மூலத்தின் மின்தடை 1 மெகா ஓம் என்றால் நிரப்புதலின் காலமாறிலியே 14 மைக்ரோவினாடி ஆகிறது. பத்து பிட் துல்லியத்துக்கு அதுபோல் ஏழெட்டு மடங்கு நேரம் வேண்டும். குடம் நிறையும் முன்பே குழாயை மூடினால், குடத்தில் முன்பிருந்த தண்ணீரே மிச்சமிருக்கும். அந்த மிச்சம்தான் பக்கத்துச் சேனலின் நிழல். அந்தச் சிப்பின் டேட்டாஷீட் (தயாரிப்பாளரின் விவரத்தாள்) மூலமின்தடை 10 கிலோ ஓமுக்குள் இருக்கட்டும் என்று சொல்வதன் காரணமும் இதுதான்.

சோதனைக்கு, முதல் சேனலுக்கு 5 வோல்ட்டும் இரண்டாவதற்குப் பூஜ்ஜியமும் கொடுத்து, மூன்றாவதில் சந்தேகத்துக்குரிய உணரியை வைத்து, வரிசையை மாற்றி மாற்றிப் படிக்க வேண்டும். 5 வோல்ட்டுக்குப் பின் படித்தால் கூடியும், பூஜ்ஜியத்துக்குப் பின் படித்தால் குறைந்தும் வந்தால் ஐயமில்லை. முதல் அளவை வீசிவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொள்வது பலரும் செய்யும் வைத்தியம். ஓரளவு பயன் தரும். உள்ளீட்டுக் காலருகே 100 நானோஃபாரட் மின்தேக்கி வைப்பது அதைவிட மேல். எம்சிபி3208 சிப்பின் உள்மின்தேக்கி 20 பிக்கோஃபாரட். வெளியே உள்ளது அதைப்போல் ஐயாயிரம் மடங்கு என்பதால், ஒருமுறை மொண்டு எடுத்தாலும் நீர்மட்டம் பன்னிரண்டு பிட்டின் ஒரு படிக்குக் கீழேதான் இறங்கும். ஆனால் இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. சேனல் மாற்றி மாற்றி, விநாடிக்குப் பத்தாயிரம் முறை மொண்டுகொண்டே இருந்தால், அந்த 20 பிக்கோஃபாரட் 5 மெகா ஓம் மின்தடையைப் போல நடந்துகொள்ளும். மூலம் 100 கிலோ ஓம் என்றால் இரண்டு சதவீதம் வரை பிழை வரும். அவ்வளவு வேகம் வேண்டுமென்றால் ஆப்-ஆம்ப் இல்லாமல் முடியாது.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் எல்லாச் சேனலும் சேர்ந்து நகர்கின்றன

ஒரே நேரத்தில் எல்லாம் நகர்ந்தால், தனித்தனி உணரிகளைக் குறைசொல்வதில் பொருளில்லை. ஒன்று ரெஃபரன்ஸ், இன்னொன்று கிரவுண்டு.

ஏடிசி எதையும் தனியாக அளப்பதில்லை. ரெஃபரன்ஸ் மின்னழுத்தத்தில் இது எத்தனை பங்கு என்றுதான் சொல்கிறது. போன் சார்ஜரிலிருந்து வரும் 5 வோல்ட்டையே ரெஃபரன்ஸாக வைத்திருந்தால், ரிலே இழுக்கும்போது அது 4.8 வோல்ட்டுக்கு இறங்கும். எல்எம்35 வெப்பநிலை உணரி தரும் 300 மில்லிவோல்ட் மாறாமலிருக்க, திரையில் 30 டிகிரி 31.2 டிகிரியாகத் தெரியும். முழம் சுருங்கினால் துணி நீண்டதாகத்தான் கணக்கு வரும். எல்எம்4040 வகையில் 4.096 வோல்ட் ரெஃபரன்ஸ் ஒன்றைப் பொருத்தினால் இது தீரும். பன்னிரண்டு பிட் சிப்பில் ஒரு படி மிகச் சரியாக 1 மில்லிவோல்ட் ஆவது கூடுதல் வசதி. ஏடிமெகா328 சிப்பின் உள்ளிருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ், சிப்புக்குச் சிப்பு 1.0 முதல் 1.2 வரை மாறினாலும், ஒரு சிப்புக்குள் நிலையாகவே இருக்கும். ஒருமுறை அளந்து நிரலில் எழுதிக்கொண்டால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. லோட்செல் (எடை உணரி), பொட்டென்ஷியோமீட்டர் (திருகி மாற்றும் மின்தடை) போன்ற உணரிகளின் வெளியீடு, அவற்றுக்குக் கொடுக்கும் சப்ளையின் பங்காகவே வருகிறது. அவற்றுக்கு நிலையான தனி ரெஃபரன்ஸ் வைத்தால், முன்பு தானாக அடிபட்டுப்போன சப்ளையின் தள்ளாட்டம் இப்போது அளவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உணரியின் சப்ளையும் ஏடிசியின் ரெஃபரன்ஸும் ஒன்றாகவே இருக்கட்டும் என்பதே அவற்றுக்கான விதி.

கிரவுண்டுப் பழுது வேறு மாதிரி. 0.1 ஓம் மின்தடையுள்ள பொதுக் கம்பி வழியே அரை ஆம்பியர் திரும்பினால், கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே 50 மில்லிவோல்ட் பிறக்கிறது. எல்எம்35 கணக்கில் அது 5 டிகிரி. இரண்டையும் பிரித்தறிய, காலியாக உள்ள ஒரு சேனலிலிருந்து கம்பி இழுத்து, உணரி இருக்கும் தொலைமுனையின் கிரவுண்டில் இணைத்துவிட வேண்டும். ரெஃபரன்ஸ் பழுதென்றால் அந்தச் சேனல் பூஜ்ஜியத்திலேயே நிற்கும், பெரிய மதிப்புகள் மட்டும் அதிகமாக நகரும். கிரவுண்டுப் பழுதென்றால் அந்தப் பூஜ்ஜியமே 50 மில்லிவோல்ட் காட்டும். முன்னதற்கு ரெஃபரன்ஸ் சிப். பின்னதற்கு மோட்டாரின் திரும்புபாதையைத் தனிக் கம்பியாக்குவது, அல்லது ஏடிஎஸ்1115 தருவதுபோல் இரு முனைகளின் வேறுபாட்டை அளக்கும் உள்ளீட்டைப் பயன்படுத்துவது.

அசையாத ஒன்று மெதுவாக அலைபோல் ஏறி இறங்குகிறது

புதுச்சேரியில் ஓர் அடுக்ககத்தின் மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டம் காட்டும் அழுத்த உணரி, நள்ளிரவில்கூட பத்து விநாடிக்கு ஒருமுறை சில சென்டிமீட்டர் ஏறி இறங்குவதாகக் காட்டியது. கடற்காற்றில் தண்ணீர் ஆடுகிறது என்று காவலாளி முடிவு கட்டியிருந்தார். மூடிய தொட்டியில் காற்று எங்கிருந்து வரும்?

உணரியின் கம்பி, மோட்டார் கம்பியோடு ஒரே குழாயில் ஐந்து மாடி இறங்குகிறது. ஆகவே 50 ஹெர்ட்ஸ் அதில் ஏறியிருக்கிறது. நிரலோ விநாடிக்குச் சரியாகப் பத்து முறை அளக்கிறது. மின்வாரிய அதிர்வெண் மிகச் சரியாக 50 என்றால், ஒவ்வொரு முறையும் அலையின் அதே இடத்தில் அளவு விழுந்து, நிலையான ஒரு பிழையாகத் தெரியும். நம் நாட்டு மின்தொகுப்பில் அதிர்வெண் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டைக்குள் அலைந்துகொண்டே இருக்கும். 49.9 என்றால் வித்தியாசம் 0.1 ஹெர்ட்ஸ், அதுவே பத்து விநாடி அலை. 49.95 ஆனால் இருபது விநாடி அலை. அலையின் நீளம் நேரத்துக்கு நேரம் தானாக மாறுவதே இந்தப் பழுதின் கையெழுத்து.

10 கிலோ ஓமும் 1 மைக்ரோஃபாரடும் கொண்ட வடிகட்டி 50 ஹெர்ட்ஸை மூன்றில் ஒரு பங்காக மட்டுமே குறைக்கும். மில்லிவினாடிக்கு ஒருமுறை அளந்து, 100 அளவுகளின் சராசரியை எடுத்தால், அந்த 100 மில்லிவினாடிக்குள் ஐந்து முழு அலைகள் அடங்கி ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. சராசரி எடுக்கும் காலம் 20 மில்லிவினாடியின் முழு மடங்காக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். 64 அளவு, 128 அளவு என்று கணினிக்குப் பிடித்த எண்களைப் போடுவதால்தான் பலருக்கு இது பாதியிலேயே நின்றுவிடுகிறது. விநாடிக்கு இருபது அளவு போதுமென்றால், 50 ஹெர்ட்ஸைத் தானே விலக்கும் ஏடிஎஸ்1220 போன்ற டெல்டா-சிக்மா (உள்ளுக்குள்ளேயே சராசரி எடுத்து அளக்கும் வகை) சிப்புக்கு மாறலாம். சிப் மாற்றுவது நியாயமான செலவாக அமையும் இடங்களில் இது ஒன்று.

கடைசி இலக்கங்கள் நிற்பதே இல்லை

பண்ருட்டியில் முந்திரிப் பருப்பு நிறுக்கும் 50 கிலோ மேடை, எச்எக்ஸ்711 சிப்போடு வந்தது. 24 பிட் சிப் இருக்கும்போது ஒரு கிராம் ஏன் நிற்கவில்லை என்பது கடைக்காரரின் கேள்வி. கணக்கைப் போட்டே காட்டினேன். வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் லோட்செல்லுக்கு 4.2 வோல்ட் கொடுத்தால், 50 கிலோவுக்குக் கிடைப்பது 8.4 மில்லிவோல்ட், ஒரு கிராமுக்கு 168 நானோவோல்ட். சிப்பின் ஒரு படி சுமார் 2 நானோவோல்ட். ஆக காகிதத்தில் நூறில் ஒரு கிராமையே பிரித்துக் காட்ட வேண்டும். ஆனால் சிப்பின் சொந்த இரைச்சல், விநாடிக்குப் பத்து அளவு வேகத்தில் சராசரியாக 50 நானோவோல்ட். உச்சத்துக்கு உச்சம் பார்த்தால் 330 நானோவோல்ட் என வைக்கலாம். அது இரண்டு கிராம். 24 பிட்டில் இரைச்சலுக்கு மேலே தலைகாட்டுபவை பதினாறரை பிட்டுகள்தாம். மற்றவை எண்ணிக்கைக்கு உள்ளவை.

ஆகவே அந்த மேடையில் 5 கிராம் படி நேர்மையான படி. பத்து அளவுகளின் சராசரி எடுத்தால் ஒரு கிராமை நெருங்கலாம். அதற்கு ஒரு விநாடி காத்திருக்க வேண்டும். விநாடிக்கு 80 அளவு வேகத்துக்கு மாற்றினால் இரைச்சல் 90 நானோவோல்ட்டுக்கு ஏறும். சிப் வாங்கும்போது பிட் எண்ணிக்கையை விட்டுவிட்டு, டேட்டாஷீட்டில் இரைச்சல் அட்டவணையை, நமக்கு வேண்டிய வேகத்துக்கு நேராக உள்ள வரியில் பார்க்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். இத்தனையும் விளக்கி முடித்தபின், கடையின் மின்விசிறியை நிறுத்தினேன். தள்ளாட்டத்தில் பாதி நின்றுபோனது. தட்டின்மேல் விழுந்த காற்றும் எடைதான். லோட்செல் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

விடியற்காலையில் மட்டும் தவறு

கடற்கரை ஊர்க்காரர்கள் இந்த அறிகுறியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே உள்ள ஓர் இறால் குட்டையில், பிஎச் மானி (நீரின் அமில-காரத் தன்மையை அளப்பது) பகலில் 8.5 காட்டி, விடியலில் 8.2 வரை இறங்கியது. சிப் கெட்டுவிட்டது என்று ஒருவர் அதை மாற்றியும் கொடுத்துவிட்டார். பழுது அப்படியே இருந்தது. குட்டையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், "ராத்திரி பூரா பாசி மூச்சு வுடுது தம்பி, விடியக்காலையில பிஎச் எறங்கறது எப்பவும் உள்ளதுதான்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. இரவில் பாசி வெளியிடும் கரியமில வாயுவால் பிஎச் இறங்கத்தான் செய்யும். கேள்வி, இறங்கியதில் எவ்வளவு குட்டையுடையது, எவ்வளவு பலகையுடையது என்பதே.

காலை ஐந்தரை மணிக்கு, பிஎச் மதிப்பு முன்பே தெரிந்த 6.86, 9.18 ஆகிய இரண்டு பஃபர் கரைசல்களோடு கரையில் உட்கார்ந்தேன். 6.86 கரைசலில் முனையை வைத்தபோது அளவு 6.87, குறை சொல்ல இடமில்லை. 9.18 கரைசலில் வைத்தபோது 8.98 மட்டுமே ஏறியது. வெயில் ஏறிய பின் பதினோரு மணிக்கு அதே கரைசலில் 9.17 வந்தது. 7-க்கு அருகே சரியாகவும், விலகிப் போகப் போகக் குறைவாகவும் காட்டினால், மின்னழுத்தம் எங்கோ கசிகிறது என்று பொருள், ஏனெனில் பிஎச் முனை 7-இல் பூஜ்ஜிய வோல்ட்டும், அதிலிருந்து ஓர் அலகு விலகினால் 25 டிகிரியில் சுமார் 59 மில்லிவோல்ட்டும் தருகிறது. முனை பழசாகிப்போனாலும் இதே குறைவு வரும். ஆனால் அது பகலிலும் வரும். விடியலில் வந்து வெயிலில் மறைவது ஈரமே.

கண்ணாடி முனையின் மின்தடை 100 மெகா ஓம் அளவில் இருக்கும். பலகையின் மேல் ஈரம் படிந்து, கிரவுண்டுக்கு 1000 மெகா ஓம் பாதை ஒன்று உருவானாலே பதினொன்றில் ஒரு பங்கு கசிந்துவிடும். பெட்டியைத் திறந்தபோது, முனை வந்து சேரும் பிஎன்சி இணைப்பானைச் சுற்றி, பற்றவைப்பின் மேல், உப்புப் பூத்த வெண்மையும் அதன்மேல் பனித்த ஈரமும் கண்ணுக்கே தெரிந்தன. பற்றவைக்கும்போது இடும் ஃபிளக்ஸ் பசையையும் யாரும் துடைத்திருக்கவில்லை. உப்பும் ஃபிளக்ஸும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

முதலில் காய்ச்சி வடித்த நீரால் கழுவி உப்பைக் கரைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துலக்கி, வெந்காற்றில் முழுக்க உலர்த்தினேன். ஆல்கஹாலை மட்டும் பயன்படுத்தினால் உப்பு கரையாமல் இடம் மாறிப் படியும் என்பதால், இந்த வரிசை முக்கியம். அதன்பின் சிஏ3140 ஆப்-ஆம்ப்பின் உள்ளீட்டுக் காலைப் பலகையிலிருந்து தூக்கி, இணைப்பானின் நடுமுனையோடு அந்தரத்திலேயே பற்றவைத்தேன். காற்றைவிட நல்ல மின்காப்பு அந்தப் பெட்டிக்குள் இல்லை. மற்ற இடங்களுக்குப் பாதுகாப்பு வார்னிஷ் தெளித்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடினேன். ஆப்-ஆம்ப்புக்கு அப்பால் இருந்த ஏடிசியை நான் தொடவே இல்லை. குட்டையின் பிஎச் இன்றும் விடியலில் இறங்குகிறது. பெரியவர் சொன்ன அளவுக்கு.

எண்கள் தாவுகின்றன: பாதி, இரட்டை, 256, 65535

இவை நிரல் பழுதுகள். மின்னணுவில் தேடிப் பயனில்லை. எல்லா மதிப்பும் சரியாகப் பாதியாகவோ இரட்டையாகவோ வந்தால், எஸ்பிஐ (சிப்புகளுக்கிடையே எண்ணை அனுப்பும் தொடர்பு) கடிகாரத்தின் விளிம்பு தவறாக அமைந்து ஒரு பிட் நகர்ந்துவிட்டது. உள்ளீட்டை மெல்ல ஏற்றும்போது எண் 256 256-ஆகத் தாவினால், இரண்டு பைட்டுகளும் இடம் மாறியிருக்கின்றன. பூஜ்ஜியத்தருகே திடீரென 65535 வந்தால், சிப் மைனஸ் ஒன்று என்கிறது, நிரல் அதைக் குறியில்லாத எண்ணாகப் படிக்கிறது.

எச்எக்ஸ்711 மட்டும் தனிக் கதை. அதன் கடிகாரக் கால் 60 மைக்ரோவினாடிக்கு மேல் உயர்நிலையில் நின்றால் சிப் தூங்கிவிடும். வைஃபை உள்ள இஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர் இடையில் வேறு வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் அது நடந்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை பொருளற்ற எண் வரும். படிக்கும் அந்தச் சில மைக்ரோவினாடிகளுக்கு இன்டரப்டுகளை (நடுவே குறுக்கிடும் வேலைகளை) நிறுத்தி வைத்தால் போதும். விழித்த பின்னும், சேனல் மாற்றிய பின்னும், அது நிலைப்பட நான்கு அளவுகளின் நேரம், அதாவது பத்து அளவு வேகத்தில் 400 மில்லிவினாடி, பிடிக்கும்; அதற்குள் வருவதை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

மேலேயோ கீழேயோ ஒட்டிக்கொள்கிறது

இஎஸ்பி32 சிப்பின் சொந்த ஏடிசி என்றால், சுமார் 0.1 வோல்ட்டுக்குக் கீழே பூஜ்ஜியத்திலும், 3.1 வோல்ட்டுக்கு மேலே 4095-இலும் ஒட்டிக்கொள்வது அதன் இயல்பு. அதன் இரண்டாவது ஏடிசி, வைஃபை ஓடும்போது பயன்படவும் படாது. அளவுகோலாக நம்ப வேண்டிய வேலைக்கு, வெளியே தனிச் சிப் வைப்பதே என் முடிவு.

தனிச் சிப்பும் ஒட்டிக்கொண்டால் சப்ளையைப் பார்க்க வேண்டும். ஏடிஎஸ்1115 சிப்பில் 6.144 வோல்ட் வரம்பைத் தேர்ந்தெடுத்தாலும், 3.3 வோல்ட் சப்ளையில் அதற்கு மேல் அளக்க முடியாது. உள்ளீடு சப்ளையை 0.3 வோல்ட்டுக்கு மேல் தாண்டவும் கூடாது. தாண்டினால் உள்ளிருக்கும் காப்பு டயோடுகள் வழியே மின்னோட்டம் பாய்ந்து, சம்பந்தமில்லாத பக்கத்துச் சேனல்களையும் குழப்பும். வெளியிலிருந்து வரும் எந்தக் கம்பிக்கும் 10 கிலோ ஓம் தொடர் மின்தடையும், சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் பிஏடி54 வகை டயோடுகளும் வைத்துவிட வேண்டும்.

மின்னோட்டக் கணக்கும் பவர் கணக்கும் ஒத்துவரவில்லை

இது உண்மையிலேயே சிப் தேர்வின் பழுது. ஏடிஎஸ்1115 விநாடிக்கு அதிகபட்சம் 860 அளவுதான் எடுக்கும். 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்றுக்குப் பதினேழு புள்ளிகள். தூய அலைக்கு அது போதும். புதுச்சேரி தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோடு ஓடும் மோட்டாரின் கிழிந்த அலைக்குப் போதாது. 430 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள அதிர்வெண்கள் மடிந்து, குறைந்த அதிர்வெண்களாகத் தவறாகத் தெரியும். 5 வோல்ட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் அளவு எடுக்கும் எம்சிபி3208, பன்னிரண்டு பிட்டாகவே இருந்தாலும், இங்கே பதினாறு பிட்டை வெல்கிறது.

பவர் கணக்கில் இன்னொரு கண்ணியும் உண்டு. மின்னழுத்தத்தை அளந்து 100 மைக்ரோவினாடி கழித்து மின்னோட்டத்தை அளந்தால், 50 ஹெர்ட்ஸில் அது 1.8 டிகிரி கட்டப் பிழை. பவர் ஃபேக்டர் 0.8 உள்ள மோட்டாரில் பவர் சுமார் 2.4 சதவீதம் தவறாகும். இந்தத் தாமதம் நிலையானது என்பதால் நிரலில் திருத்தலாம். மூன்று ஃபேஸ், ஆறு சேனல் என்று வரும்போது, எட்டுச் சேனலையும் ஒரே கணத்தில் பிடிக்கும் ஏடி7606 போன்றதை வாங்கிவிடுவது, விலை கூடுதல் என்றாலும், மன உளைச்சல் குறைவு.

எல்லாம் சரி, ஆனாலும் பதினாறு பிட் போல நடந்துகொள்ளவில்லை

மலிவான ஏடிஎஸ்1115 பலகை ஒன்றை வாங்கி, அளவுகள் படிக்கட்டு போல நகர்ந்தால், பதப்படுத்தாத எண்களை ஐம்பது அறுபது வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். எனக்கு ஒருமுறை வந்தவை 8208, 8224, 8208, 8192, 8240. எல்லாமே பதினாறால் மீதியின்றி வகுபடுகின்றன. கடைசி நான்கு பிட்டும் எப்போதும் பூஜ்ஜியம் என்றால், முதுகில் என்ன அச்சிட்டிருந்தாலும், உள்ளே இருப்பது பன்னிரண்டு பிட் ஏடிஎஸ்1015. உறுதி செய்ய, மிக மெதுவான வேகத்துக்கான எண்ணைப் பதிவேட்டில் எழுதி, ஒரு மாற்றத்துக்கு ஆகும் நேரத்தை அளக்கலாம். உண்மையான ஏடிஎஸ்1115 விநாடிக்கு எட்டு அளவு என்ற கணக்கில் 125 மில்லிவினாடி எடுத்துக்கொள்ளும். மற்றது விநாடிக்கு 128 என்ற கணக்கில் எட்டு மில்லிவினாடிக்குள் முடித்துவிடும். அந்தப் பலகையை நான் தூக்கியெறியவில்லை. இன்வெர்ட்டர் பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பார்க்கப் பன்னிரண்டு பிட் தாராளம் என்பதால், அதன்மேல் சரியான பெயரை மார்க்கரால் எழுதி, வீட்டு மாடிப்படிக்குக் கீழே பொருத்தியிருக்கிறேன்.